இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி

"இந்த இடத்துல பாடகி ஏமாத்துறா!" என்று ஜெயசீலன் போட்ட சத்தம் சாங்வி குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்டது.

மனைவி ஷீலா போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. அன்றிலிருந்து போன வாரம் வரை அவர் ரெக்கார்டு பிளேயரைத் தொடவே இல்லை. நினைவு நாளன்று அவளுக்குப் பிடித்த தாலாட்டைப் போட வேண்டும், அதுவும் குறையில்லாமல் ஒலிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் பழைய ரெக்கார்டை ஷ்யாமிடம் கொடுத்துவிட்டு, புதிதாக அச்சடித்து வந்திருந்த கனமான ரெக்கார்டை வாங்கிக்கொண்டார். ஷ்யாம் அவுந்தில் இருக்கும் ஐ.டி. பையன், பழைய ரெக்கார்டு என்றால் உயிரை விடுவான்.

புதியதில் வயலின் அற்புதம், தபேலா அற்புதம். இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி மட்டும் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. முன்பெல்லாம் ஹாலில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த வரிக்குத்தான் அவர் மனசு இளகும்.

ஊசியை மாற்றினார். பலனில்லை. பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைத்தார். அந்த வரி இன்னும் தெளிவாகச் சப்பென்றிருந்தது.

"புது பிரிண்ட் அப்படித்தான் சார். சத்தம் சுத்தமா இருக்கும், ஜீவன் இருக்காது," என்றான் ஷ்யாம் போனில்.

"அப்போ என் ஜீவனைத் திருப்பிக் குடுப்பா!"

நினைவு நாள் காலையில் ஷ்யாம் பழைய ரெக்கார்டோடு வந்தான். பக்கத்து வீட்டு கிரிஜாவும் அவல் போஹா கிண்ணத்தோடு வந்து நின்றாள். பாட்டு ஓடியது. இரண்டாவது சரணத்தில் ஊசி 'டக்'கென்று தாவியது. மூன்றாம் வரியையே காணோம்.

ஜெயசீலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என் ரெக்கார்டே இல்ல! மாத்திட்ட நீ!"

"சார், உறையைப் பாருங்க!"

உறையில் ஷீலாவின் மஞ்சள் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது.

பிம்ப்ரி பட்டறையில் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே நின்று பாதி மந்தமாகிப் போன காதுதான் அவருக்கு. ஆனாலும் அந்த வரியை அவர் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறார். கோபம் வடிந்தது.

"அந்த ஒரு வரி போதும்ப்பா. அவ இல்லாத வீட்ல அதையாவது கேட்டுட்டு இருப்பேனே."

கிரிஜா கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, உங்க கிச்சனுக்கும் எங்க கிச்சனுக்கும் ஒரே சுவர்தானே. ஊசி தாவுறப்பல்லாம் உள்ளேருந்து அந்த வரியைப் பாடினது ஷீலாக்கா."