சனிக்கிழமைக் குளியல்

கோட்டைவாசல் காவலன் வுல்ஃப்கர், ஓஸ்ரிக்கின் கழுத்தருகே மூக்கை நீட்டி இரண்டாம் முறையாக முகர்ந்து பார்த்தான்.

"குளிச்சிருக்கியா?"

"ஆமாங்க. உள்ளே கோயில்ல என் மகளுக்குக் கல்யாணம். நான்தான் கைபிடிச்சுக் கொடுக்கணும்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"மாட்டினியா! சனிக்கிழமையானா குளிச்சுத் தலை வாரிக்கிறவன் டேனியன். அந்தக் கடல்கொள்ளைக்காரப் பயலுகளை விட்டா இந்த வெசெக்ஸ் நாட்டுல எவன்யா வாராவாரம் குளிக்கிறான்? வாசனையா எவன் வந்தாலும் பிடிச்சு வைன்னு ராஜா உத்தரவு."

பாவம், ஓஸ்ரிக் வருஷத்துக்கு இரண்டே முறை குளிக்கிற உத்தமமான உள்ளூர் சாக்சன் விவசாயி. எல்லாம் மனைவி மில்த்ரித் செய்த வேலை. "மாப்பிள்ளை முன்னால நாறிக்கிட்டு வந்து நின்னா, நீ யாரோ நான் யாரோ" என்று சொல்லிவிட்டு மகளோடு நேற்றே கோட்டைக்குள் போய்விட்டாள்.

நாற்றம்தானே வேண்டும்? பக்கத்தில் பன்றிகள் புரளும் குட்டை ஒன்று இருந்தது. ஓஸ்ரிக் அதில் நாலு உருள் உருண்டு எழுந்து வந்தான்.

"இப்போ மோந்து பாருங்க!"

வுல்ஃப்கர் மூக்கைப் பொத்திக்கொண்டான். "மாறுவேஷமா? அப்போ நீ வெறும் டேனியன் இல்ல, ஒற்றன்!"

கயிறு வந்தது. ஓஸ்ரிக்கைத் தூணோடு சேர்த்துக் கட்டினான்.

"ஐயா, என் சம்சாரத்தைக் கூப்பிடுங்க. அவ சொல்லட்டும்!"

மில்த்ரித் புது முக்காட்டோடு வந்தாள். தலைமுதல் கால்வரை சேறு வழிய நின்றவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள்.

கோயில் மணி அடித்தது. ஓஸ்ரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மகள். அவள் கல்யாணத்தன்றா தூணில் கட்டுண்டு நிற்க வேண்டும்?

மாமனாரைக் காணோமே என்று மாப்பிள்ளை ஈட்மர் ஓடிவந்தான். மூன்று வருஷம் முன்பு வடக்கிலிருந்து வந்து குடியேறிய தச்சன். இந்தக் கோட்டைக் கதவே அவன் கைவேலைதான்.

"இவன் சனிக்கிழமை குளிக்கிறான்ப்பா!" என்றான் வுல்ஃப்கர்.

ஈட்மர் ஓஸ்ரிக்கை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு கழுத்துச் சிலுவையைத் தொட்டு உரக்கச் சொன்னான்: "சத்தியமா இவர் என் மாமனார். சுத்தமான சாக்சன்!"

கதவு செய்தவன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? கட்டு அவிழ்ந்தது.

கிணற்றடியில் ஈட்மர் தானே நீர் இறைத்து ஊற்றி, காதுமடல் வரை தேய்த்துவிட்டான். இடுப்பிலிருந்து கொம்புச் சீப்பை எடுத்துத் தலையும் வாரினான். கோயில் வாசலிலிருந்து மகள் சிரித்தாள். மில்த்ரித்கூட முகம் மலர்ந்தாள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஓஸ்ரிக்குக்கு மனம் நிறைந்துபோனது.

ஈட்மர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தான்.

"இவ்வளவு நாளா மூச்சே விடலையே மாமா! நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க?"