காலி அறையின் மூச்சு

மாடிக் கோடியிலிருந்த பழைய சாமான் அறையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணினி அப்படித்தான் சொன்னது. காற்றுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சாமான் அறை: ஒரு ஆள். ஆனால் அந்தக் கதவு பூட்டியிருந்தது. சாவி அவருடைய மேசைமேல் கிடந்தது.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் காற்றுக்காரர் என்றுதான் அழைப்பார்கள். கட்டடத்துக்குள் காற்று எப்படி அலைகிறது, எந்த அறையில் எவ்வளவு கெட்டுப்போகிறது என்பதைக் கணினியில் மாதிரியாகக் கட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வோர் அறையிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கியது. துப்புரவு வேலை பார்க்கும் அக்காதான் ஸ்டூல் போட்டு மாட்டிக் கொடுத்தார்; காற்றுக்காரருக்கு ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றும். கருவி கரியமில வாயுவை அளக்கும். அதிலிருந்து அறைக்குள் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று மாதிரி கணக்குப் போடும். காலி அறை எப்படியிருக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுக்கவே, யாரும் போகாத சாமான் அறையிலும் ஒரு கருவி. அங்கே எப்போதும் பூஜ்யம்தான் வர வேண்டும்.

மறுநாள் பார்வையிட ஒரு குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் அவருடைய மாதிரியைப் பயன்படுத்துவார்கள்; காற்றுக்காரரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். காலி அறையில் ஆள் இருக்கிறது என்று சொல்லும் மாதிரிக்கு எந்தக் குழு தலையசைக்கும்?

அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தார். கால் உடைந்த நாற்காலிகள், இறக்கை இல்லாத மின்விசிறி, மூலையில் துணி போர்த்திய ஏதோ ஒன்று. துணியை நீக்கினார். பழைய பிரிண்டர். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் அங்கே நின்ற நேரத்தில் ஆள் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒன்று.

காவலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஆள் இருக்கானா சார்?"

"நான் அங்க போனா இல்லண்ணே. இங்க வந்து உக்காந்தா வந்துடறான்."

"சாயங்காலம்?"

"பழைய பதிவையும் பாத்துட்டேன். நான் கெளம்பினா அவனும் கெளம்பிடறான். ஞாயித்துக்கெழம வரதே இல்ல."

"பரவாயில்லையே, ஒழுங்கான ஆளா இருக்கானே! நம்ம ஆபீஸ்ல அப்படி ஒருத்தன் கெடையாதே." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "காத்து கருப்பு ஏதாவது..."

"காத்து மட்டுந்தான் என் டிபார்ட்மெண்ட். கருப்பு வேற யாராவது பாக்கட்டும். இதோ, என் ரூமைப் பாருங்க. ஒரு ஆள். அது நானு. எவ்வளவு கரெக்டா காட்டுது!"

காவலாளி திரையருகே குனிந்தார். "ஞாயித்துக்கெழமையும் ஒரு ஆள்னு போட்டிருக்கே சார்?"

"ஜன்னல் சாத்தியிருந்தது. என்னோட பழைய மூச்சு தேங்கி நின்னிருக்கும்."

பிடிக்காத எண் வந்தால்தான் காற்றுக்காரருக்குச் சந்தேகம் வரும். பிடித்த எண்ணுக்குக் காரணம் தானாகவே கிடைத்துவிடும்.

கடைசியில், இருவரும் சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவது என்று முடிவாயிற்று. இரண்டு பேர் இருந்தால் கருவி இரண்டு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று கழற்றி எறிந்துவிடலாம்.

பல்பு எரியவில்லை. மேலே சின்னத் துவாரம் வழியே வந்த வெளிச்சம் பாதிச் சுவரோடு நின்றுவிட்டது.

"பெருமூச்சு விடாதீங்க சார். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"நான் எங்கண்ணே விட்டேன்? நீங்கதான் விடறீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சத்தம் நிற்கவில்லை. மெதுவாக உள்ளே இழுத்தது. மெதுவாக வெளியே விட்டது.

"தண்ணிக் குழாய் சார்."

"ஆமாமா, குழாய்தான்."

அதற்குப் பிறகு இருவரும் அரை மணி எப்போது முடியும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தார்கள். சாமான் அறை: பூஜ்யம். காற்றுக்காரரின் அறை: மூன்று ஆட்கள்.

"நான் இல்லாதப்ப எவன்டா என் ரூம்ல உக்காந்து அரட்டையடிச்சது?" என்று அவர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எல்லோரும் தலையை நீட்டி, நாங்கள் இல்லை என்றார்கள்.

இந்த முறை தன் அறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வர மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்ட காவலாளியை இழுத்துக்கொண்டு போய் மறுபடி சாமான் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். அறை காலி. திரையில் மூன்று ஆட்கள்.

"பூட்டின ரூமுக்குள்ள மூணு பேரு எப்படி சார்..." என்று ஆரம்பித்த காவலாளி, வாசலைப் பார்க்க வேண்டிய வேலை இருப்பது நினைவுக்கு வந்து போய்விட்டார்.

காற்றுக்காரர் தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்க்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, வேலை நிரந்தரம் ஆயிடுமா?"

"ஆயிடும். எனக்கா, இங்க இருக்கறவங்களுக்கான்னுதான் தெரியல."

போனை வைத்ததும் அவர் இதுவரை செய்யாத காரியத்தைச் செய்தார். மாதிரியில் இரண்டே வரி சேர்த்தார். சாமான் அறையில் என்ன வந்தாலும் பூஜ்யம் என்று காட்டு. என் அறையில் எத்தனை வந்தாலும் ஒன்று என்று காட்டு.

மறுநாள் குழு வந்தது. அறைக்கு அறை போய்த் தலைகளை எண்ணியது, திரையைப் பார்த்தது, தலையசைத்தது. மாலைக்குள் மேலதிகாரி அம்மா அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"வாழ்த்துகள். இனிமே நீங்க நிரந்தரம். ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்கூல் வேலைக்குப் புது ஆளுங்க வராங்க, உங்க ரூம் அவங்களுக்கு வேணும். நீங்க அந்தச் சாமான் ரூமை எடுத்துக்குங்க. கட்டடத்துலயே சுத்தமான காத்து அங்கதான்னு உங்க மாடலே காட்டுதே!"

காற்றுக்காரர் ஒரு கணம் யோசித்தார். மறுத்தால் அந்த இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மறுக்கத்தான் வேண்டுமா? பூட்டிய அறைக்குள் மூன்று பேர் புகுந்துகொள்கிற இடத்தைவிட்டுத் தப்பிக்க இதைவிட நல்ல வழி எது? சாமான் அறையில் இருப்பவன் ஒரே ஒருவன். அவனும் இவர் உள்ளே காலை வைத்ததும் ஓடிவிடுகிறவன்.

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

அக்கா சாமான் அறையைக் கூட்டித் துடைத்து, உடைந்த நாற்காலிகளை வெளியேற்றினார். மேசை வந்தது. காவலாளி நாற்காலியை வாசல்படிவரை தூக்கிவந்து வைத்துவிட்டு, படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"தப்பிச்சீங்க சார். நாம இங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தப்ப மூணுன்னு காட்டினது அந்த ரூம்லதானே?"

"அதேதான்ணே. இனிமே அந்தத் தொல்லை புது ஆளுங்களுக்கு." காற்றுக்காரர் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். குழாய் எதுவும் கண்ணில் படவில்லை. "அக்கா, அப்படியே என் பழைய ரூம்ல இருக்கற பெட்டியக் கழட்டிட்டு வந்து இங்க மாட்டிடுங்க. என் பேர்ல இருக்கறது என்கூடவே இருக்கட்டும்."

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த அக்கா சுவரிலிருந்த கருவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு சார் வீண் வேல? மாட்டின அன்னிக்கே கை மாறிப்போச்சு. உங்க ரூம் பெட்டி மொதல்லேருந்து இங்கதான தொங்குது!"