சென்னியப்பன் என்கிற காட்டெருமை

ஒரு காட்டில் தண்ணீர் ஒரு குளத்திலும், தகவல் மூன்று விக்கிகளிலும் இருந்தன. நடுக்காட்டுப் பிராணிகள் எழுதியது வனவிக்கி. மேலே மலையில் இருப்பவர்கள் எழுதியது மலைவிக்கி. கீழே ஆற்றோரத்தில் இருப்பவர்கள் எழுதியது ஆற்றுவிக்கி. மூன்றிலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுத நேரமில்லாததால் எல்லோரும் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றும் சகோதரத் தளங்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'பிற விக்கிகளில்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைத் தட்டினால் அதே விஷயத்தைப் பற்றி மற்ற விக்கியில் உள்ள பக்கம் திறக்கும். வனவிக்கியில் நாவல்பழத்தைப் பற்றிப் படிக்கும் குரங்கு, ஒரே தட்டில் மலைவிக்கியின் நாவல்பழத்துக்குப் போய், அங்கே அது துவர்க்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வரலாம். அறிவு இப்படித்தான் வளர்கிறது.

சண்டை பொறுக்க முடியாமல் ஒரு மரங்கொத்தியைத் தானியங்கியாக நியமித்தார்கள். ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட மூன்று பக்கங்களையும் அது தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பக்கம் ஒன்று சொல்லி, மற்ற இரண்டும் வேறு சொன்னால், இரண்டு சொல்வதையே மூன்றிலும் எழுதிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் தகவலை மற்ற இரண்டிலும் சேர்த்துவிடும். யோசிக்காது. நேர்காணலில் அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

அந்த வருடம் கோடை கொளுத்தியது. ஓடைகள் வற்றி, காட்டில் ஒரே ஒரு குளம் மிஞ்சியது. குளத்துக்கு வேலி போட்டு, வாசலில் ஒரு கரடியை உட்காரவைத்து, அதன் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். யார் வந்தாலும் கரடி வனவிக்கியில் அந்த இனத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கும். 'நிலை: வாழ்கிறது' என்று இருந்தால், அதற்குக் கீழே போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கொடுக்கும். காட்டெருமைகள் மட்டும் வரிசையில் நிற்பதில்லை. அவை விடிந்ததும் வேலியின் பின்பக்கமாக வந்து, வேண்டிய மட்டும் குடித்துவிட்டுப் போகும். அது பற்றிக் கரடியிடம் யாரும் கேட்கவில்லை, கரடியும் காட்டெருமைகளிடம் கேட்கவில்லை.

அந்த வரிசையில் ஒருநாள் சென்னியப்பன் நின்றான். அவன் ஒரு அலங்கு. உடம்பெல்லாம் செதில், தின்பது எறும்பு, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வான். பகலெல்லாம் தூங்குகிற பிராணி, வரிசைக்காக உச்சி வெயிலில் கண் விழித்து நின்றான். அவனுக்கு நாக்கு ஒரு முழம். அந்த ஒரு முழமும் வறண்டு கிடந்தது.

"ஏனுங்க, நீங்க அழிஞ்சு போயிட்டீங்களே" என்றது கரடி.

"ஆருங்க சொன்னது?"

"வனவிக்கிலதான். அலங்கு. நிலை, அழிந்துவிட்டது. தண்ணீர் அளவு, பொருந்தாது."

"நான் உங்க முன்னாலதானுங்களே நிக்கறேன்."

"நிக்கறீங்க. நான் இல்லீன்னு சொல்லல. ஆனா நான் உங்களைப் பாத்துத் தண்ணி குடுக்கறதில்லீங்க, இதைப் பாத்துத்தான் குடுக்கறது" என்று கரடி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டியது. கரடி கெட்ட பிராணி அல்ல. அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

சென்னியப்பன் நிழலில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தான். நகங்கள் நீளம் என்பதால் அவன் நாக்கால்தான் தட்டுவான். 'அழிந்துவிட்டது' என்பதை அழித்துவிட்டு 'இருக்கிறேன்' என்று எழுதிச் சேமித்தான். நான்கு நிமிடத்தில் அது பழையபடி ஆகிவிட்டது. அவனுடைய பேச்சுப் பக்கத்தில் வனவிக்கியின் நிர்வாகியான முள்ளம்பன்றி ஒரு செய்தி விட்டிருந்தது.

'வணக்கம். தங்கள் பங்களிப்புக்கு நன்றி. தன்னைப் பற்றித் தானே எழுதுவது நடுநிலைக் கொள்கைக்கு எதிரானது என்பதால் தங்கள் திருத்தம் நீக்கப்பட்டது. தாங்கள் உயிருடன் இருப்பதற்கு நம்பகமான சான்று இருப்பின் இணைக்கலாம். மலைவிக்கியும் தாங்கள் இல்லை என்றே கூறுகிறது. தொடர்ந்து பங்களிக்க வாழ்த்துகள்.'

சென்னியப்பன் மலை ஏறினான். மலைவிக்கியைப் பார்த்துக்கொள்வது ஒரு இருவாச்சிப் பறவை. அது கிளையில் உட்கார்ந்தபடியே அவனை மேலும் கீழும் பார்த்தது.

"நாங்க சும்மா எழுதலீங்க. ஆத்துவிக்கில இருக்கு, அதை வச்சுத்தான் எழுதியிருக்கோம். அங்க மாத்தினா இங்க மாத்திருவோம்."

"அதுவரைக்கும் என்னைப் பாத்துட்டு ஒரு வரி போடக்கூடாதுங்களா?"

"நீங்க சொல்றது செல்லாது. இன்னொரு அலங்கு வந்து, ஆமா இவரு இருக்காருன்னு சொல்லோணும்."

"நான் இன்னொரு அலங்கைப் பாத்து ஏழு வருசம் ஆச்சுங்க."

"பாத்தீங்களா" என்றது இருவாச்சி வருத்தத்தோடு. "நீங்களே ஒத்துக்கறீங்க."

சென்னியப்பன் மலை இறங்கி ஆற்றோரம் போனான். ஆறு என்று பெயர்தான், மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுவிக்கியைக் கவனிக்கும் நீர்நாய் மணலில் மல்லாந்து படுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தது. அதற்கு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது.

"நான் எழுதினது அது இல்லீங்க. 'அலங்கு கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை'ன்னுதான் எழுதினேன். மலைக்காரங்க அதைப் பாத்துட்டு 'அருகிவிட்டது'ன்னு போட்டாங்க. அதைப் பாத்துட்டு வனவிக்கில 'அழிந்துவிட்டது'ன்னு போட்டாங்க. மலைக்காரங்களும் அதைப் பாத்து அப்படியே மாத்திக்கிட்டாங்க. அப்புறம், ரெண்டு விக்கில அழிஞ்சிருச்சு, நீ மட்டும் என்ன கண்ணுல படலங்கறேன்னு என்னையே கேட்டாங்க. மரங்கொத்தி வந்து மாத்தி வச்சுட்டுப் போயிருச்சு."

"இப்ப நீங்க திருப்பி மாத்துங்களேன்."

"மாத்தறேன். நாளைக்குக் காலையில ரெண்டுக்கு ஒண்ணுன்னு மறுபடியும் அழிச்சுரும். மூணு பேரும் ஒரே நாள்ல மாத்தோணும். அவங்க ரெண்டு பேரும் மத்தவங்க மாத்தட்டும்னு பாத்துட்டு இருப்பாங்க." நீர்நாய் வாலால் மணலைத் தட்டியது. பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக ஒன்று சொன்னது. "என்ன எழவோ போங்க. எழுத்தைத் தொட்டா நாலு நிமிசத்துல ஓடி வந்துருவாங்க. ஓரத்துல இருக்கற இணைப்பைப் புடுங்கி எங்க வேணாலும் மாட்டுங்க, ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

சென்னியப்பன் அங்கேயே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தான். மலைவிக்கியில் இருந்த இனங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தான். முயலோடு இணைந்தால் கால் லிட்டர். அதோடு வாசலில் நிஜ முயல் வந்து நின்றால் வம்பு. மான் வரும், பன்றி வரும், எல்லாம் வரிசையில் வரும். வரிசைக்கே வராதவர்கள் யார் என்று யோசித்தான். மலைவிக்கியிலும் ஆற்றுவிக்கியிலும் காட்டெருமைக்குப் பக்கம் இருந்தது. வனவிக்கியில் இல்லை. அவ்வளவு பெரிய பிராணிக்குத் தனியாக எதற்குப் பக்கம் என்று விட்டிருந்தார்கள்.

வனவிக்கியின் அலங்குப் பக்கத்திலிருந்த இரண்டு இணைப்புகளையும் அவிழ்த்து, இரண்டு காட்டெருமைப் பக்கங்களோடு மாட்டினான். எழுத்தில் கை வைக்கவில்லை. யாரும் வரவில்லை.

மறுநாள் காலை மரங்கொத்தி வந்தது. இணைந்திருந்த மூன்று பக்கங்களையும் பார்த்தது. இரண்டு பக்கங்கள் இது காட்டெருமை என்றன, வாழ்கிறது என்றன, எண்ணூறு கிலோ என்றன, கொம்பு உண்டு என்றன, நாற்பது லிட்டர் என்றன. ஒன்று மட்டும் வேறு ஏதோ சொன்னது. மரங்கொத்தி அந்த ஒன்றைத் தலைப்பு முதல் எல்லாம் திருத்தியது. அந்த ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'நீண்ட நாக்கால் எறும்பு தின்னும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.' அது புதுத் தகவல் என்பதால் மற்ற இரண்டு காட்டெருமைப் பக்கங்களிலும் சேர்த்துவிட்டு, அடுத்த வேலைக்குப் பறந்தது.

உச்சி வெயிலில் சென்னியப்பன் வாசலுக்கு வந்தான். கைபேசியில் இருந்த வனவிக்கிப் பக்கத்தை நீட்டினான்.

"காட்டெருமை" என்று கரடி படித்தது. "எண்ணூறு கிலோ." நிமிர்ந்து அவனைப் பார்த்தது. மறுபடி பக்கத்தைப் பார்த்தது. "வெயிலுக்கு ரொம்ப எளைச்சுட்டீங்க."

"ஆமாங்க" என்றான் சென்னியப்பன்.

"எறும்பு தின்னும், சுருண்டுகொள்ளும். அதெல்லாம் சரியா இருக்கு. வாங்க."

நாற்பது லிட்டரைத் தொட்டியில் ஊற்றினார்கள். சென்னியப்பன் அரை லிட்டர் குடித்தான். ஏழு நாள் தாகம் அதிலேயே அடங்கிவிட்டது. மிச்சத்தைப் பின்னால் நிற்கிற முயலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். முயலின் பக்கத்தில் கால் லிட்டர்தான் போட்டிருக்கிறது என்று கரடி சொன்னது. முப்பத்தொன்பதரை லிட்டர் மண்ணில் ஓடியது. முயல் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றது.

இப்படியே ஒரு மாதம் போனது. சென்னியப்பன் தினமும் வந்தான், குடித்தான், போனான். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கவும், மூக்கால் உஸ் என்று மூச்சு விடவும் பழகிக்கொண்டான். பிற விக்கி இணைப்புகளைச் சீரமைத்ததற்காக முள்ளம்பன்றி அவனுடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு பதக்கம்கூடக் குத்திவிட்டுப் போயிருந்தது. வாழ்நாளில் அவனுக்கு யாரும் எதுவும் குத்தியதில்லை. அதை அடிக்கடி திறந்து பார்த்தான்.

ஒருநாள் அவன் வாசலில் நிற்கும்போது, காட்டின் கீழ்க்கோடியிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். செதிலெல்லாம் புழுதி. நான்கு நாள் நடந்து வந்திருந்தாள். அவள் பெயர் பூவாத்தாள். அவளும் ஒரு அலங்கு.

வந்தவள் வரிசையில் நிற்கவில்லை, நேராகச் சென்னியப்பனிடம் வந்தாள்.

"ஆத்துவிக்கில காட்டெருமைப் பக்கத்தைப் படிச்சனுங்க. பயந்தா பந்தாச் சுருளும்னு போட்டிருந்துச்சு. எந்தக் காட்டெருமைங்க சுருளும்? எவரோ உள்ள ஒளிஞ்சு இருக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இணைப்பைத் தட்டித் தட்டி இங்க வந்துட்டேன். நான் ஒருத்திதான் மிச்சம்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தனுங்க."

ஏழு வருடத்தில் சென்னியப்பனைப்போல் வாசம் உள்ள ஒருவர் அவன் அருகில் வந்து நின்றதில்லை. அவனுக்கு அந்த நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

கரடி டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கியது. "ஏனுங்க, இவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"ரெண்டு பேர் இருக்கறோமுங்க" என்று பூவாத்தாள் கரடியிடம் சொன்னாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் சான்று. இனி அழிஞ்சுட்டாங்கன்னு எழுத முடியாதுங்களே."

"அது நல்லதுதான் அம்மணி" என்றது கரடி. "தான் அலங்குதான்னு இவரே வாயால சொல்லட்டும். சொன்னா பக்கத்தைப் பூட்டிப் பேச்சுக்கு விடுவாங்க. மூணு விக்கியும் பேசி முடிக்க எப்படியும் மழை வந்துரும். பேசி முடிக்கற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தண்ணி கெடையாது. வெவரத்தைச் சொல்லிப்புட்டேன்."

கரடி மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னது. பின்னால் தொட்டியில் நாற்பது லிட்டர் தயாராக ஊற்றி வைத்திருந்தது.

"சொல்லுங்க" என்றாள் பூவாத்தாள். "ரெண்டு பேரும் பனியை நக்கிப் பொழச்சுக்கலாம். நான் இத்தன நாள் அப்படித்தான் இருந்தேன்."

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னான்.

"இல்லீங்க அம்மணி. நான் காட்டெருமை."

பூவாத்தாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. பயந்தால் அலங்கு என்ன செய்யுமோ அதைச் செய்தாள். வாசலிலேயே பந்தாகச் சுருண்டுகொண்டாள். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. ஒரு குரங்கு நின்று படம் எடுத்து, காட்டெருமைக் கன்று என்று பெயரிட்டு வனவிக்கியில் ஏற்றியது.

சென்னியப்பன் அரை லிட்டர் குடித்தான். மிச்சம் மண்ணில் ஓடி, சுருண்டு கிடந்தவள் பக்கம் போகாமல் சரிவில் இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அவள் விரிந்து எழுந்து, வந்த வழியே கீழ்க்கோடியைப் பார்த்து நடந்தாள். சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தாலும் அலங்கு சுருண்டுகொள்ளும். கரடி பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் நான்கு காலில் நிமிர்ந்து நின்றான்.

அன்று சாயங்காலம் அவன் மூன்று விக்கிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்றில் விட்டால் மரங்கொத்தி மறுபடி சேர்த்துவிடும் என்பதால், மூன்றிலும் காட்டெருமைப் பக்கத்திலிருந்து அந்தச் சுருளும் வரியை எடுத்தான். திருத்தத்துக்கான காரணம் என்று கேட்ட கட்டத்தில், 'சான்று இல்லை' என்று எழுதிச் சேமித்தான். நான்கு நிமிடம் காத்திருந்து பார்த்தான். யாரும் மாற்றவில்லை. முள்ளம்பன்றி நன்றி மட்டும் தெரிவித்திருந்தது.

நீதி: தண்ணீர் வருகிற பக்கத்தோடு இணைந்திருங்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் வழி கண்டுபிடித்த வரியை மூன்று இடத்திலும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.