ருசி பார்க்காமல் விற்காதவர்

காசை நீட்டுகிறவரையே திட்டி அனுப்பும் வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் தருமபுரி பஸ் நிலையத்தில்தான் இருந்தார். மாம்பழத் தள்ளுவண்டி. ஊர் வைத்த பெயர் ‘சாம்பிள்காரர்’. அவர் அறுத்துக் கையில் வைக்கும் துண்டை நாம் தின்ற பிறகுதான் தராசைத் தொடுவார்.

ஒருநாள் ஒகேனக்கல் பஸ் கிளம்பும் நேரம். ஒருவர் இறங்கி ஓடிவந்தார். “சீக்கிரம் ரெண்டு கிலோ போடுங்க!”

“மொதல்ல தின்னு பாருங்க.”

“எனக்குச் சக்கரைங்க. பழம் வூட்டுக்கு.”

“நாக்குல வெச்சுட்டுத் துப்பிடுங்க. ருசி பாக்காம வாங்க இதென்ன மாத்திரையா?”

கண்டக்டர் விசில் ஊதித் தீர்த்தார். அவர் வாயிலும் ஒரு துண்டு விழுந்ததும் விசில் நின்றது. பஸ் பத்து நிமிடம் தாமதம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அலுவலகம் போகிற வழியில் துண்டை மட்டும் தின்றுவிட்டு நழுவிய பெருமக்களில் நானும் ஒருவன். தெரிந்தேதான் கொடுப்பார்.

செந்தூரா பழுக்கிற நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. பஸ் இல்லை, ஆள் இல்லை. தோப்பிலிருந்து எடுத்த பழம் காத்திருக்குமா? வண்டியை எங்கள் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கம்போல வீட்டுக்கு வீடு துண்டை நீட்டினார். கேட்டைத் திறக்காமலே எல்லோரும் பின்வாங்கினார்கள். மனிதர் யோசித்தார். “நானே தின்னு காட்டறங்க” என்று மாஸ்க்கை இறக்கிவிட்டு, வாசலுக்கு ஒரு துண்டாகத் தின்ன ஆரம்பித்தார்.

“மாஸ்க்கைப் போடுய்யா! நோயைக் கொண்டாந்து வுடவா வந்தே?” என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

தெருமுனை வரை பழம் தின்றவர் அவர் ஒருவர்தான். ஒரு கிலோகூட விற்கவில்லை.

மறுநாளும் வந்தார். என் வாசலில் நின்று, கத்தி முனையில் ஒரு துண்டை நீட்டினார். “சார், நீங்க தெரிஞ்சவரு. தின்னு பாருங்க.”

நான் இரண்டடி பின்னால் போனேன். “வேண்டாங்க. ரெண்டு கிலோ போட்டு அங்கியே வெச்சுடுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எடை போட்டார். எனக்குத் தெரிந்து, ருசி பார்க்காதவருக்கு அவர் பழம் விற்றது அன்றைக்குத்தான். வயிறு காயும்போது சட்டமாவது ஒன்றாவது!

அதன் பிறகு அவர் வரவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு அந்தக் கண்டக்டர்தான் சொன்னார். அறுபதை நெருங்கிய மனிதர் செங்கல் சுமக்கிறார் என்று நினைத்தாலே இன்றைக்கும் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

அன்றைய பழத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் தின்றோம். அப்படி ஓர் இனிப்பு. அந்த ஒரு துண்டை அவர் கையாலேயே வாங்கித் தின்றிருக்கலாம் நான்.