நான்தான் நான் என்று காப்பீட்டு ஆபீசில் நிரூபித்த விதம்

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் விஷயத்துக்கு வருகிறேன்.

காரை விற்றபோது நீங்கள் சொன்னீர்களே, "பாலிசிய கேன்சல் பண்ணுங்க மாமா, மீதி மாசத்துக்குக் கட்டின பணம் திரும்பி வரும்" என்று, அந்தப் பணம் வரவில்லை. காரணம், நான் நான் இல்லையாம்.

உங்களுக்குத் தெரியும், நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கீழே நிற்பவன் கையைத் தூக்கினால் தூக்குவேன், இறக்கினால் இறக்குவேன். வேலைக்காலம் முழுக்க யாரோடும் பேச வேண்டியே வரவில்லை. அதனால் போனை எடுத்தால் எனக்கு வாயடைத்துப் போகும். பாலிசி எடுத்த நாளிலிருந்து கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் உங்கள் அத்தைதான் தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிமனாக்கி, "ஆமா, நான்தான் பேசுறேன், சொல்லுங்க" என்பாள். நான் வீட்டில் இருக்கும் நேரமானால் பக்கத்தில் உட்கார்ந்து கையால் சைகை காட்டுவேன். பாலிசியை ரத்து செய்ததும் இப்படித்தான். மறுபேச்சில்லாமல் ரத்து செய்தார்கள். பணம் என்றதும் மட்டும் நேரில் வரச் சொன்னார்கள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டாள் உங்கள் அத்தை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு பால்காரர்கூட "அம்மா இல்லையா?" என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார், என் பெயரில் வரும் இந்தப் பணத்தையாவது நானே வாங்கிக் காட்டுகிறேன் என்று, தேய்த்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகவே போனேன்.

கவுண்டரில் என் மகள் வயதில் ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "சார், பதிவாகியிருக்கிற குரலும் உங்க குரலும் ஒத்துப்போகல. பரவாயில்ல, பாலிசி எடுத்தப்ப நீங்க சொன்ன ரகசிய பதில் ரெண்டு இருக்கு, அதைச் சொன்னாப் போதும்" என்றாள். பிடித்த நிறம் என்ன? குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டு நீலம் என்றேன். தவறாம். எதைக் கண்டால் பயம்? எனக்கென்ன பயம், எதற்கும் இல்லை என்றேன். அதுவும் தவறாம். "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க இந்தப் பாலிசிக்காரரோட அவ்வளவா பழகல போலிருக்கு" என்றாள். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "முகம் சரியாத்தான் இருக்கு சார்" என்று பரிதாபப்பட்டாள்.

மறுநாள் உங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, என் குரலில், அதாவது கம்பெனிக்குத் தெரிந்த என் குரலில், "மஞ்சள்" என்றாள். நான் ஓட்டிய கிரேன் மஞ்சள். லீவு நாளிலும் அதைத் துடைக்கப் போவேன். அதற்குப் பெயர் பிடித்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து, பயம். "உயரம்" என்றாள்.

மாப்பிள்ளை, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் அந்த ஏணியில் ஏறும்போது உள்ளங்கை வியர்த்துக் கொட்டும். பேண்டில் துடைத்துத் துடைத்துத்தான் ஏறுவேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அந்தப் பேண்டத் தோய்ச்சது யாரு?" என்றாள். கவுண்டர் பெண் உங்கள் அத்தையைப் பார்த்து, "ரெண்டும் சரி. செக் அனுப்பிடுறோம் சார்" என்றாள்.

இந்த உயர விஷயம் என் மகளுக்குத் தெரியவேண்டாம். அப்பா ஆகாயத்தில் வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தவள் அவள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வாழ்த்தும்,
மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். மேலே உள்ளதையும் நான்தான் எழுதினேன். மாமா எதிரே உட்கார்ந்து கையால் சைகை காட்டினார். உயர விஷயம் உங்கள் மனைவிக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அது தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியவேண்டாம். செக் வந்துவிட்டது. ஆனால் அவரே பாங்குக்கு வந்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். இத்தனை வருஷமும் அவர் கையெழுத்தைப் போட்டு வந்தது நான். இப்போது நான் போடுகிற மாதிரியே பழைய தாளில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். ஓரளவு வந்துவிட்டது, முதல் எழுத்தின் சுழிதான் இன்னும் சரியாக வரவில்லை.