துரை காலில் பலாப்பால்

எனக்கு எந்த வேலையும் தெரியாது என்பது எனக்கே தெரியவர இருபத்திரண்டு வயதாகிவிட்டது. அதையும் ஒரு துரைதான் கண்டுபிடித்தார், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு.

எழுபதுகளின் நடுவில், இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மானேஜர் துரையின் பங்களாவில் எடுபிடியாக இருந்தேன். சேர்த்துவிட்டவர் அங்கே சமையல் அப்புவான சூசை மாமா. "ஒரு மாசம் துரைகிட்ட நல்ல பேரு எடு. அப்புறம் ரோசலின் விசயம் பேசலாம்" என்றிருந்தார். ரோசலின் அவர் மகள். (மாதம் முடிய மூன்றே நாள்.)

குளியலறையில் ஷவருக்குக் கீழே பீங்கான் தொட்டி. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அடைத்திருந்த வெள்ளைப் புட்டிப் பூச்சு வெடித்து, தண்ணீர் பக்கத்து அறைக்குக் கசிந்தது.

"சரிபண்ணத் தெரியுமா?" என்றார் துரை.

"தெரியுங்க."

எங்கள் லயத்து வீடுகளில் ஓட்டை வாளியைப் பலாப்பாலைக் காய்ச்சி ஊற்றித்தான் அடைப்போம். இதுவும் ஒரு பெரிய வாளிதானே? பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, வெடிப்பு நெடுகத் தாராளமாக ஊற்றினேன். குளிரில் கல்லாக இறுகியது. பச்சைத் தண்ணீரைத் திறந்து பார்த்தேன், சொட்டுக் கசியவில்லை.

துரை குளிப்பது வெந்நீரில். பாய்லருக்கு விறகு போடுபவனே நான்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் விடிகாலை, துரை உள்ளிருந்து கூப்பிட்டார். ஓடினேன். இடுப்பில் துண்டு. ஒரு கால் தொட்டியோடு ஒட்டியிருந்தது. தூக்கிய காலிலிருந்து, வெந்நீரில் இளகித் தொட்டிக்குள் வழிந்த பலாப்பால் நூல் நூலாகத் தொங்கியது.

"என்னா இது?"

"பலாப்பாலுங்க."

"இங்க எதுக்கு?"

காலைப் பிடித்து இழுத்தேன், என் கை ஒட்டிக்கொண்டது. துவாயால் துடைத்தேன், துவாயும் சேர்ந்துகொண்டது. துரையை விடுவிப்பதா, துவாயையா, என்னையா என்று குழம்பி நின்றபோது மாமா வந்தார்.

"பலாக்கா வெட்டுறப்ப கையில என்னடா பூசுவ?"

"எண்ணெய், மாமா."

"அப்ப எதுக்கு அவரு காலப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க?"

அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் செலவானது. ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டுக்குத் துரை முக்கால் மணி நேரம் தாமதம். அன்று மத்தியானமே என்னை மலைக்கு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டார். மாமா ரோசலின் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கதை பேசியிருந்தார்கள். "இந்தப் புண்ணியத்தச் செஞ்சது யாரு?" என்று அன்றெல்லாம் விசாரிப்பு. அந்தக் கூட்டத்தில் ரோசலினும் இருந்தாள். வீட்டுக்குப் போய் அப்பனிடம் சொன்னாளாம்: "அவரையே கட்டிக்கிறேம்ப்பா. வீட்டுல ஒரு போத்தல் எண்ணெய் வச்சிருந்தா சமாளிச்சுக்கலாம்."

இப்போதும் நான் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், ரோசலின் எண்ணெய்ப் போத்தலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.