சியாமளாவின் பொதுச் சேவை

எர்லாங்கன், ஜெர்மனி,
மார்ச் 1974

அன்பும் மரியாதையும் நிறைந்த வேதவல்லி அக்காவுக்குத் தம்பி வாசுதேவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் கனகவல்லியும் மகள் சியாமளாவும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். மதுரையில் நீயும் அத்தானும் வத்சலாவும் வெயிலைத் தவிர வேறு குறையின்றி இருக்க மீனாட்சி அருள வேண்டும்.

வத்சலா சேர நினைக்கும் சென்னைக் கல்லூரியில் மார்க் மட்டும் போதாதாம், பாட்டு, விளையாட்டு, சமூக சேவை எல்லாம் கேட்கிறார்களாம், பெண்ணை எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். அக்கா, ஒன்றிலும் சேர்க்காதே. பட்டவன் சொல்கிறேன்.

சியாமளா விண்ணப்பித்த அமெரிக்கக் கல்லூரியும் இதையேதான் கேட்டது. இவளோ பள்ளி விட்டால் புத்தகம், புத்தகம் விட்டால் தூக்கம். சரி என்று முதலில் ஊர்ப் பாட்டுக் குழுவில் சேர்த்தேன். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அழைத்துப் போகக் காத்திருந்த நான் பின் வரிசையில் சும்மா முனகினேன், குழுத் தலைவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஓர் அடித்தொண்டைக் குரலுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாராம். அடுத்து, ஞாயிறுதோறும் காட்டுக்குள் நடக்கும் சங்கம். ஒரே நாளில் காலெல்லாம் கொப்புளம். இனி இவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வரப் போனேன், என் கையில் ஒரு தடியைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு முதியோர் இல்லம். அங்கே இருக்கும் லின்ட்னர் என்ற வயதான அம்மாளோடு சீட்டாடுவதுதான் சேவை, ஆனால் நம் பெண்ணுக்குத் தோற்கத் தெரிந்தால்தானே! ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்கவில்லை, அந்த அம்மாள் சீட்டை வீசிவிட்டு அழுதுவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போன நான் உட்கார்ந்து தோற்றேன். இப்போது அவருக்கு நான்தான் வேண்டுமாம்.

போன வாரம் நேர்காணல். அந்தக் கல்லூரியில் படித்த அமெரிக்க அம்மாள் ஒருவர் நூரன்பெர்க்கிலிருந்து வீட்டுக்கே வந்தார். கனகவல்லி கேசரி கிண்டியிருந்தாள். அவர் சிரித்த முகமாக, "இந்த ஊருக்காக நீ என்னம்மா செஞ்சே?" என்று கேட்டார்.

இந்தப் பெண் கூசாமல் சொல்கிறாள்: "எங்க அப்பாவைக் கொடுத்தேன்."

"புரியலையே."

"எல்லாத்துக்கும் அவர்தான் போறார். நல்லாவும் செய்யறார். நான் வீட்ல நிம்மதியா படிக்கறேன்."

எனக்குக் கேசரி புரையேறிவிட்டது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அவர் போனதும், "ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்றேன். "பொய் சொல்லி உள்ளே போனா அங்க போய்ப் பாடச் சொல்வாங்களேப்பா" என்கிறாள். 

ஆகவே, அக்கா, எல்லாம் போயிற்று. அமெரிக்கா இல்லை. நானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இனி ஆபீஸ் விட்டால் வீடுதான். வத்சலா பாடத்தைப் படிக்கட்டும், அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். வத்சலாவுக்கு எங்கள் ஆசி, எந்தச் சங்கமும் கண்ணில் படாமல் அவள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
வாசுதேவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்த அமெரிக்க அம்மாளிடமிருந்து போன் வந்தது. சியாமளாவுக்கு இடம் கிடைத்துவிட்டது! உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே பெண் இவள்தானாம். அதனால் மேலே எழுதியதை மறந்துவிடு. பாட்டு, நடை, சேவை எதையும் விடாதே, நாளைக்கே சேர்த்துவிடு. வத்சலாவை அல்ல, அத்தானை.